மலிவு லினக்ஸ் போர்டு: பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

லினக்ஸ் ஓடும் போர்டு இன்றைக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கே கிடைக்கிறது. உள்ளங்கையில் பாதிகூட வராது. அதை வாங்கிவிட்டு வாரக்கணக்கில் தூக்கத்தைத் தொலைத்தவர்களும் நிறையப் பேர். போர்டில் கோளாறு எதுவும் இருக்காது. ஆனால் அதற்குத் தந்த கெர்னல் ஐந்தாறு வருடப் பழசாக இருக்கும், வைஃபை டிரைவர் எவரோ ஒருவருடைய கூகுள் டிரைவ் ஃபோல்டரில் கிடக்கும், மேனுவல் சீன மொழியில் படம் படமாக இருக்கும். சிப் வேகத்துக்கும் ரேமுக்கும் காசு கொடுப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சிப்புக்கு இன்றைக்கும் யாராவது மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறார்களா என்பதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கண்காணிக்கவோ, கடைக்கு ஒரு டிஸ்பிளே பெட்டி செய்யவோ, மில்லில் மீட்டர் படிக்கும் கேட்வேக்கோ, எதற்காக வாங்குவதாக இருந்தாலும் சரி. கார்ட்டில் போட்டதை அப்படியே விட்டுவிட்டு இதைப் படியுங்கள். பிறகு பணம் கட்டலாம்.

செய்ய வேண்டியவை

லினக்ஸ் தேவைதானா என்று முதலில் கேளுங்கள். ஒரு சென்சாரைப் படித்து வைஃபையில் அனுப்புவது மட்டும்தான் வேலை என்றால் இஎஸ்பி32 போதும். அது வழக்கமான லினக்ஸ் ஓடாத மைக்ரோகண்ட்ரோலர்தான். ஆனால் நொடியில் எழுந்துவிடும், எஸ்டி கார்டு கிடையாது, கரண்ட் எத்தனை முறை போய் வந்தாலும் கவலையில்லை. கேமரா, டேட்டாபேஸ், யூஎஸ்பி சாதனங்கள், டச் ஸ்க்ரீனில் பிரவுசர் என்று பட்டியல் நீளும்போது லினக்ஸுக்கு வாருங்கள்.

மெயின்லைன் கெர்னலில் உங்கள் போர்டின் பெயரைத் தேடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். லினக்ஸ் கெர்னலின் சோர்ஸில் ‘ஆர்ச்’ ஃபோல்டருக்குள் ஆர்ம், அதற்குள் பூட், அதற்குள் டிடிஎஸ். ஆதரவுள்ள ஒவ்வொரு 32 பிட் ஆர்ம் போர்டுக்கும் அங்கே ஒரு டிவைஸ் ட்ரீ ஃபைல் இருக்கும். கெர்னல் 6.5 முதல் 32 பிட் ஆர்ம் ஃபைல்களையும் ஆல்வின்னர், டிஐ, என்எக்ஸ்பி என்று கம்பெனி வாரியாகப் பிரித்துவிட்டார்கள், தேடுவது சுலபம். பீகிள்போன் பிளாக், ஆரஞ்ச் பை ஜீரோ, நானோபை நியோ எல்லாம் அங்கே பெயரோடு இருக்கின்றன.

பெயர் இருந்தால் மட்டும் போதாது, ஃபைலைத் திறந்து பாருங்கள். ஈதர்நெட், இஎம்எம்சி, யூஎஸ்பி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி இருக்கும். அதில் ‘ஸ்டேட்டஸ்’ என்ற வரியில் ‘ஓகே’ என்று இருக்கிறதா? உங்களுக்குத் தேவையான பாகத்துக்கு அந்தப் பகுதியே இல்லையென்றால், அந்தப் பாகம் போர்டின் மேல் மின்னினாலும் மெயின்லைன் கெர்னலுக்கு அது கண்ணில் படாது.

பெயரே இல்லாத போர்டுகள் கம்பெனி தரும் எஸ்டிகே கெர்னலோடுதான் ஓடும். லக்ஃபாக்ஸ் பைகோ போன்ற குட்டி போர்டுகளின் எஸ்டிகேக்கள் 5.10 கெர்னலோடு வந்தவை. அந்த 5.10 கெர்னலின் நீண்டகால ஆதரவு 2026 டிசம்பர் வரைதான். வீட்டுக்குள் நெட் இல்லாமல் ஓடும் பொம்மைக்குப் பரவாயில்லை; ஐந்து வருடம் இன்டர்நெட்டில் நிற்க வேண்டிய பெட்டிக்கு யோசியுங்கள்.

லினக்ஸ் இமேஜ் கட்டும் டூலான பில்ட்ரூட்டின் கான்ஃபிக் ஃபோல்டரையும் ஒரு நடை பாருங்கள். அங்கே உங்கள் போர்டு பெயரில் டெஃப்கான்ஃபிக் இருந்தால், இரண்டு கமாண்டில் முழு இமேஜும் உங்கள் கையால் உருவாகிவிடும். ஆர்ம்பியன் பட்டியலில் இருக்கிறது என்றால் அந்தப் போர்டு எந்த ஆதரவு நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அதைப் பராமரிக்க ஆள் இருப்பது வேறு.

ரேமைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். ஆல்வின்னர் எஃப்1சி100எஸ் சிப்புக்குள் 32 எம்பி, வி3எஸ்ஸுக்குள் 64 எம்பி, ராக்சிப் ஆர்வி1103க்குள்ளும் 64 எம்பி. மெமரியை சிப்புக்குள்ளேயே அடைத்துவிடுவதால்தான் இந்தப் போர்டுகள் இவ்வளவு மலிவு. அதனாலேயே பிறகு ஏற்றவும் முடியாது. பில்ட்ரூட், பிஸிபாக்ஸ், சியில் எழுதிய ஒரு ப்ரோக்ராம் என்றால் 64 எம்பியில் சொகுசாக ஓடும். டெபியனைப் போட்டு, பைத்தானைப் போட்டு, மேலே டாக்கரும் போடுவேன் என்றால் பேக்கேஜ் இறங்கும்போதே கெர்னல் உங்கள் ப்ராசஸைக் கொன்றுவிடும். டெபியன் பழக்கத்தை விட முடியாதவர்கள் 512 எம்பிக்குக் கீழே போகாதீர்கள். 2021 அக்டோபரில் 15 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூவில் அவ்வளவுதான் இருக்கிறது; டெஸ்க்டாப் இல்லாத டெபியனுக்கு அது தாராளம், பிரவுசருக்குக் காணாது.

ப்ராசசரின் தலைமுறையைப் பாருங்கள். பழைய பை ஜீரோ ஆர்ம்வி6. டெபியனின் வழக்கமான ‘ஆர்ம்எச்எஃப்’ பேக்கேஜ்கள் ஆர்ம்வி7க்குக் கட்டப்பட்டவை. அங்கே ஓடவிட்டால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று சொல்லி விழும். ராஸ்பியன் என்று தனியாக ஒன்று பிறந்ததே இதற்காகத்தான். சும்மா வருகிறதே என்று பழைய ஜீரோவை வாங்கினால் டாக்கர் இமேஜ்களில் பாதி கிடைக்காது.

ஹார்டுவேர் வெர்ஷனைக் கேட்டு வாங்குங்கள். பெயர் ஒன்று, பெட்டி ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. இதில் ஏமாந்தவர்கள்தான் அதிகம். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்பு ரூட்டர் ஞாபகம் இருக்கிறதா? அதன் சோர்ஸ் கோடு 2003இல் வெளியானதிலிருந்து கிளைத்ததுதான் ரூட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி. அந்தப் புகழைக் கேட்டு 2005 கடைசியில் கடைக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது ஐந்தாவது வெர்ஷன்: ஃப்ளாஷ் 2 எம்பி, ரேம் 8 எம்பி, லினக்ஸுக்குப் பதில் விஎக்ஸ்வொர்க்ஸ். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் அதே பெயர்தான். லினக்ஸ்காரர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக ஒன்றைப் பிறகு விற்றார்கள்.

இன்றைக்கும் இதே கதைதான். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் ரூட்டரின் 13ஆவது வெர்ஷனில் 8 எம்பி ஃப்ளாஷ், 64 எம்பி ரேம். 14ஆவது வெர்ஷனில் இரண்டும் பாதி. அதே கம்பெனியின் டிஎல்-டபிள்யூஎன்722என் வைஃபை டாங்கிளின் முதல் வெர்ஷனில் ஏத்தெராஸ் சிப். செருகினால் லினக்ஸில் உடனே வேலை செய்யும். இரண்டாவதிலிருந்து ரியல்டெக் சிப். கடைக்காரரிடம் பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

குட்டி ரூட்டரையே போர்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசியுங்கள். ஜிஎல்.ஐநெட் மேங்கோ போன்ற பெட்டியில் 128 எம்பி ரேம், 16 எம்பி ஃப்ளாஷ், இரண்டு ஈதர்நெட், வைஃபை எல்லாம் உண்டு, மேல் கவர் உட்பட. வரும்போதே ஓபன்டபிள்யூஆர்டி அடிப்படையிலான ஃபர்ம்வேரோடு வருகிறது. நெட்வொர்க் சம்பந்தப்பட்ட வேலைக்கு வெறும் போர்டு வாங்கி, கவர் தேடி அலைவதைவிட இது லாபம்.

இடம் இருந்தால் பழைய தின் கிளையன்ட்டைப் பாருங்கள். ஆபீஸ்கள் கழித்துக்கட்டும் டெல் வைஸ் 3040 போன்றவை 2 ஜிபி ரேமோடு ரிச்சி தெரு போன்ற இடங்களில் செகண்ட் ஹேண்டில் வரும். சாதாரண பிசி ப்ராசசர் என்பதால் டெபியன் நேராக ஏறிவிடும். ஒரே எச்சரிக்கை: இந்த மாடலில் 5 வோல்ட் பெட்டியும் உண்டு, 12 வோல்ட் பெட்டியும் உண்டு. அடியில் இருக்கும் லேபிளைப் படிக்காமல் அடாப்டர் மாட்டாதீர்கள்.

பவர் சப்ளைக்கும் ஒயருக்கும் தனியாகக் காசு ஒதுக்குங்கள். ‘போர்டு தானாக ரீபூட் ஆகிறது’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து முடியும். கணக்கைப் பாருங்கள். மலிவு யூஎஸ்பி ஒயருக்குள் 28 கேஜ் கம்பி இருக்கும். ஒரு மீட்டர் ஒயரில் போக ஒன்று, வர ஒன்று, சேர்ந்து கிட்டத்தட்ட 0.43 ஓம். போர்டு 1 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.43 வோல்ட் காலி. சார்ஜர் சரியாக 5 வோல்ட் கொடுத்தாலும் போர்டுக்குப் போய்ச் சேருவது 4.57. ராஸ்பெர்ரி பை 4.63க்குக் கீழே இறங்கினால் மின்னல் குறி காட்டிப் புலம்பும். மற்ற பல மலிவு போர்டுகள் புலம்பக்கூடச் செய்யாது, சத்தமில்லாமல் எஸ்டி கார்டைக் கெடுத்துவிடும். அதே நீளத்தில் 24 கேஜ் கம்பி என்றால் இழப்பு 0.17 வோல்ட்தான். ஒயர் குட்டையாக இருக்கட்டும், தடியாக இருக்கட்டும். பை வைத்திருப்பவர்கள் ‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு’ கமாண்டை இப்போதே ஓட்டிப் பாருங்கள். பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் உங்கள் சப்ளையோ சூடோ சரியில்லை.

யூஎஸ்பி-சீரியல் அடாப்டரையும் அதே ஆர்டரில் போடுங்கள். திரை இல்லாத போர்டு பூட் ஆகாமல் நின்றால், ஏன் நின்றது என்று அது சொல்வது சீரியல் கன்சோலில் மட்டும்தான். 3.3 வோல்ட் அடாப்டராக இருக்க வேண்டும். டிஎக்ஸை ஆர்எக்ஸுக்கும் ஆர்எக்ஸை டிஎக்ஸுக்கும் மாற்றிக் கொடுத்து, கிரவுண்டைச் சேர்த்து, நான்காவது பவர் ஒயரை அந்தரத்தில் விட்டுவிடுங்கள். பல போர்டுகள் 115200 பாட் வேகத்தில் பேசும். ராக்சிப் போர்டுகள் பலவும் 1500000இல் பேசும். கடைகளில் அதிகம் கிடைக்கும் பழைய சிபி2102 சிப் அந்த வேகத்துக்கு எட்டாது; திரையில் கிறுக்கல்தான் வரும், நீங்கள் போர்டைத் திட்டுவீர்கள். ராக்சிப் வாங்கினால் சிஎச்340, எஃப்டி232 அல்லது சிபி2102என் எடுங்கள்.

செத்துப்போன போர்டை எழுப்ப வழி இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். தவறான பூட்லோடரை ஒருநாள் எழுதத்தான் போகிறீர்கள். ஆல்வின்னர் சிப்புகள் எஸ்டி கார்டைத்தான் முதலில் தேடும், எதுவும் கிடைக்காவிட்டால் ஃபெல் மோடில் யூஎஸ்பிக்குக் காத்திருக்கும். ராக்சிப்பில் மாஸ்க்ராம் மோடு. பீகிள்போன் பிளாக்கில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு பவர் கொடுத்தால் எஸ்டி கார்டிலிருந்து எழும். இந்த வழிக்கான பட்டன் அல்லது பின் போர்டில் வெளியே வந்திருக்கிறதா என்று ஃபோட்டோவில் தேடுங்கள்.

எஸ்டி கார்டு கைக்கு வந்த அன்றே சோதியுங்கள். எஃப்3 என்ற இலவச டூல் கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். 64 ஜிபி என்று சொல்லி 8 ஜிபி இருக்கும் போலிகள் அப்போதே மாட்டிக்கொள்ளும், ரிட்டர்ன் கெடுவும் தாண்டியிருக்காது.

சர்க்யூட் படம், இமேஜ், எஸ்டிகே எல்லாவற்றையும் வாங்கும் முன்பே இறக்கி வையுங்கள். ஸ்கீமேட்டிக் பிடிஎஃப் இல்லாத போர்டா, அடுத்ததைப் பாருங்கள். கம்பெனி மூடினால் முதலில் மறைவது டவுன்லோட் பக்கம்தான்.

விற்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால் உற்பத்தி உத்தரவாதத்தைப் படியுங்கள். என்எக்ஸ்பி தன் சிப்புகளுக்கு 10 அல்லது 15 வருடம், எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் தன் எஸ்டிஎம்32எம்பி1 வகைக்கு 10 வருடம் என்று எழுத்தில் தருகின்றன. ராஸ்பெர்ரி பையும் குறைந்தது எந்த ஆண்டு வரை தயாரிப்போம் என்று ஒவ்வொரு போர்டுக்கும் போடுகிறது. அப்படியும் 2021 முதல் 2023 வரை பை கிடைக்காமல் ஊரெல்லாம் தவித்தது. இரண்டாவது போர்டு ஒன்றைத் தேர்ந்து, உங்கள் ப்ரோக்ராமை அதிலும் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கத்தையும் விலையில் சேருங்கள். அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பர் முதல் இந்தியாவில் தடை. வேறு வழியில் தருவித்தால் வரியும் உண்டு. வைஃபை உள்ள சரக்கென்றால் டபிள்யூபிசி ஒப்புதல் எங்கே என்றும் கேட்பார்கள். ஒன்றிரண்டுக்காக இந்தப் பாடு வேண்டாம், உள்ளூர் விற்பனையாளரிடம் நூறு இருநூறு கூடக் கொடுத்து வாங்குங்கள்.

செய்யக்கூடாதவை

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸை லினக்ஸ் சர்வராக்க வாங்காதீர்கள். விலையையும் ரேமையும் பார்த்தால் ஆசை வரும். டி95 என்ற ஆல்வின்னர் பாக்ஸ் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே மால்வேரோடு வந்தது 2023 ஜனவரியில் அம்பலமானது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இப்படிப்பட்ட பாக்ஸ்களில் ஓடும் பேட்பாக்ஸ் 2.0 பற்றிப் பொது எச்சரிக்கையே விட்டது. ஆண்ட்ராய்டைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக்கொள்கிறேன் என்கிறீர்களா? ஒரே பெயரில் வந்த பத்து பாக்ஸுக்குள் பத்து வகை வைஃபை சிப் இருக்கும். எந்த டிவைஸ் ட்ரீயைப் போடுவீர்கள்?

விளம்பர விலையை மொத்த விலை என்று நினைக்காதீர்கள். 2015இல் 9 டாலர் கம்ப்யூட்டர் என்று கிக்ஸ்டார்ட்டரில் சிப் என்ற போர்டு வந்தது. எச்டிஎம்ஐ வேண்டுமென்றால் தனி அடாப்டர். அது போர்டைவிட விலை அதிகம். உள்ளே போட்டிருந்தது எம்எல்சி வகை நாண்ட் ஃப்ளாஷ். ஃப்ளாஷைக் கையாளும் கெர்னலின் யூபிஐ அடுக்கு 2018இல் 4.17இலிருந்து அந்த வகையை ஏற்கவே மறுத்துவிட்டது. அதே 2018இல் தயாரித்த நெக்ஸ்ட் திங் கம்பெனியும் மூடப்பட்டது. பை ஜீரோவும் வந்தபோது 5 டாலர்தான். அதற்கு மினி எச்டிஎம்ஐ மாற்றி, யூஎஸ்பி ஓடிஜி ஒயர், எஸ்டி கார்டு, சப்ளை எல்லாம் வாங்கி, ஹெடரையும் சால்டர் வைத்து முடிக்கும்போது எவ்வளவு ஆனது என்று வாங்கியவர்களைக் கேளுங்கள்.

பெரிய கம்பெனி என்பதற்காக மயங்காதீர்கள். இன்டெல் 2013இல் கலிலியோ, 2014இல் எடிசன், 2016இல் ஜூல் என்று வரிசையாகக் கொண்டுவந்தது. மூன்றையும் நிறுத்துவதாக 2017 ஜூனில் அறிவித்துவிட்டது. எடிசனுக்கென்று பிரத்யேகமான கனெக்டரை வைத்து போர்டு வடிவமைத்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

பைகோ என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒன்று என்று எண்ணாதீர்கள். ராஸ்பெர்ரி பை பைகோ மைக்ரோகண்ட்ரோலர். ரேம் 264 கேபி, லினக்ஸ் ஓடாது. லக்ஃபாக்ஸ் பைகோ லினக்ஸ் ஓடும் போர்டு. வடிவம்கூட ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சில கடைகளில் கேட்டால் இரண்டையும் ‘லினக்ஸ் போர்டுதான் சார்’ என்று தலையில் கட்டிவிடுவார்கள்.

4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ரேம் உள்ள ரூட்டரை இனி வாங்காதீர்கள். அவற்றுக்கான கடைசி ஓபன்டபிள்யூஆர்டி வரிசையான 19.07க்கு 2022லேயே ஆதரவு முடிந்துவிட்டது. 8/64 என்பது அடித்தளம். கைக்கு 16/128 கிடைத்தால் அதை எடுங்கள்.

வைஃபை இருக்கிறது என்ற டிக் குறியை நம்பாதீர்கள். ஆரஞ்ச் பை ஜீரோவில் இருக்கும் எக்ஸ்ஆர்819 வைஃபைக்கு மெயின்லைனில் டிரைவர் இல்லை, வெளியிலிருந்துதான் சேர்க்க வேண்டும்; அப்படிச் சேர்த்தாலும் இழுபறிதான். சிப் நம்பரைக் கேளுங்கள். முடிந்தால் ஈதர்நெட் ஒயரையே நம்புங்கள், அது இருபது வருடமாக வேலை செய்கிறது.

கம்பெனி இமேஜை அப்படியே நெட்டில் விடாதீர்கள். ஆல்வின்னரின் பழைய 3.4 கெர்னலில் ஒரு டீபக் ஃபைல் திறந்தே கிடந்தது. அதில் ‘ரூட்மைடிவைஸ்’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், எந்தச் சாதாரண ப்ரோக்ராமுக்கும் ரூட் அதிகாரம் கிடைத்துவிடும். 2016இல் வெளிச்சத்துக்கு வந்தது. யாரோ வேலைக்கிடையே வைத்துவிட்டு எடுக்க மறந்ததுதான், சதி என்று சொல்ல முடியாது. ஆனால் எச்3 சிப்புள்ள மலிவு போர்டுகளில் அந்தக் கெர்னல் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எந்த இமேஜாக இருந்தாலும் முதல் லாகினில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ‘யூநேம் -ஆர்’ என்று அடித்து கெர்னல் எண்ணைப் பாருங்கள். 4.9 என்று வந்தால் அதன் ஆதரவு 2023 ஜனவரியில் முடிந்தது. 4.19 என்றால் 2024 டிசம்பரில் முடிந்தது.

ரூட் ஃபைல் சிஸ்டத்தை எழுதும் நிலையிலேயே விட்டுவைக்காதீர்கள். நம் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டா போகிறது? எஸ்டி கார்டுக்குள் ஒரு குட்டி கண்ட்ரோலர் இருக்கிறது. நீங்கள் ஒரு வரி லாக் எழுதினாலும் அது பெரிய பிளாக் ஒன்றையே இடம் மாற்றி எழுதும். அந்த நொடியில் கரண்ட் போனால், நீங்கள் தொடவே தொடாத ஃபைலும் சேர்ந்து போகலாம். இஎக்ஸ்டி4இன் ஜர்னல் இதற்குக் காவல் இல்லை. அது தனக்கு மேலே நடப்பதைத்தான் பார்க்கும்.

வழி எளிது. ஓபன்டபிள்யூஆர்டி நெடுங்காலமாகச் செய்வதுபோல, சிஸ்டத்தை ஸ்க்வாஷ்எஃப்எஸ்ஸாகப் பூட்டிவிட்டு மேலே ஓவர்லே போடுங்கள். ராஸ்பெர்ரி பையில் ராஸ்பி-கான்ஃபிக் மெனுவிலேயே ஓவர்லே வசதி இருக்கிறது. எழுத வேண்டிய டேட்டாவுக்குத் தனி பார்ட்டிஷன் கொடுங்கள், லாக் ரேமில் போகட்டும். தூரத்தில் வைக்கப்போகும் பெட்டி என்றால் ஹார்டுவேர் வாட்ச்டாக்கையும் எழுப்பிவிடுங்கள். தொங்கிப்போன போர்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ண ஐம்பது கிலோமீட்டர் போகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. கையில் காசு இருந்தால் இஎம்எம்சி உள்ள போர்டையே எடுங்கள். பீகிள்போன் பிளாக்கில் 4 ஜிபி போர்டிலேயே இருக்கிறது.

ஜிபிஐஓ பின்னில் 5 வோல்ட்டைக் காட்டாதீர்கள். இந்தப் போர்டுகள் எல்லாம் 3.3 வோல்ட், சில பின்கள் அதற்கும் கீழே. ஆர்டுவினோ சென்சாரை அப்படியே மாட்டினால் போகப்போவது பின் மட்டும் அல்ல, மொத்த சிப்.

ஆர்டிசி மாட்யூலில் சாதாரண சிஆர்2032 பேட்டரியைப் போட்டு 5 வோல்ட் கொடுக்காதீர்கள். பெரும்பாலான மலிவு போர்டுகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. பையில் 5ஆம் மாடலில்தான் வந்தது, அதற்கும் பேட்டரி தனியாக வாங்க வேண்டும். கடிகாரம் இல்லாத போர்டு நெட் வரும்வரை பழைய தேதியில் நிற்கும், சர்டிஃபிகேட் எர்ரர் என்று சர்வரோடு சண்டை போடும். அதனால் டிஎஸ்3231 மாட்யூல் வாங்குவீர்கள், நல்லது. ஆனால் கடைகளில் அதிகம் வரும் இசட்எஸ்-042 மாட்யூலில் ரீசார்ஜ் பேட்டரிக்கான சார்ஜிங் சர்க்யூட் இருக்கிறது. ரீசார்ஜ் ஆகாத சிஆர்2032வை அதில் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பும், கசியும். 3.3 வோல்ட் பின்னிலிருந்து கொடுங்கள், அல்லது அந்தச் சார்ஜிங் சர்க்யூட்டின் டையோடைக் கழற்றிவிடுங்கள்.

மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் போர்டை அடைக்காதீர்கள். ராஸ்பெர்ரி பை சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வெளியே 40 என்றால் தகரத்துக்குள் என்ன என்று கையை விட்டுப் பார்த்தால் தெரியும். சாதாரணத் தர பாகங்கள் பெரும்பாலும் 70 டிகிரி வரைக்கும்தான் என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கும். நிழலில், வடக்குச் சுவரில், காற்றோட்டம் உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.

முதல் ஆர்டரிலேயே இருபது போர்டு போடாதீர்கள். தள்ளுபடி ஆசை காட்டுவார்கள், ஸ்டாக் முடியப்போகிறது என்பார்கள். ஒன்றே ஒன்று வாங்குங்கள். உங்கள் கையால் கட்டிய இமேஜ் அதில் பூட் ஆகி, ஒரு வாரம் ஓடி, ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கிச் செருகினாலும் எழுந்து நின்றால், மிச்சத்தை வாங்குங்கள். அதற்கு முன் இன்றைக்கே விற்பவருக்கு நான்கு கேள்விகளை அனுப்புங்கள்: போர்டின் ஹார்டுவேர் வெர்ஷன் என்ன? வைஃபை சிப் நம்பர் என்ன? கெர்னல் எத்தனையாவது? ஸ்கீமேட்டிக் எங்கே? நான்குக்கும் பதில் தராத கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.